அண்ணன் பெயரில் என் ரத்தம்

ஃபெயில் ஆன எந்த ரிப்போர்ட்டையும் பாஸ் ஆக்கிவிடுவார் என் அண்ணன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருபது வருடம் துணிப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். துவைத்தால் சாயம் போகிறது என்று லேப் ஒரு துணியைத் தள்ளினால், சாயப்பட்டறைக்காரரிடம் சண்டைக்குப் போக மாட்டார். வேறு நல்ல ரோலில் ஒரு முழம் வெட்டி, பழைய துணியின் சீட்டையே அதில் ஒட்டி, மறுபடி அனுப்புவார். பாஸ். இதற்குத் திறமை என்று பெயர். நானும் மெச்சினேன், வெட்கங்கெட்டவன்.

அவருக்குக் கல்லீரலில் புற்றுநோய் வந்தது. மாத்திரை கொடுத்த டாக்டர், மாதம் ஒருமுறை ரத்தத்தில் ஏ.எஃப்.பி. என்ற அளவைப் பார்க்கச் சொன்னார். அந்த எண் இறங்கினால் மருந்து கேட்கிறது. ஏறினால் நோய் முந்துகிறது, மருந்தை மாற்ற யோசிக்க வேண்டும். முதல் இரண்டு மாதமும் ஏறியது. மூன்றாவதும் ஏறினால் மருந்தை மாற்றிவிடலாம் என்றார் டாக்டர். அண்ணி சரியாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டார்.

மூன்றாம் மாதம் ரத்தம் எடுக்க லேப்பிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். அண்ணி முருகன் கோவிலுக்குப் போயிருந்தார்.

"பேஷண்ட் யாருங்க?"

"இவருதானுங்க" என்று அண்ணன் என் தோளைத் தொட்டார். அவள் பைக்குள் ஊசியைத் தேடிய நேரத்தில் என் காதோரம் குனிந்தார். "கையக் குடு தம்பி. உங்க அண்ணி ஒரு வாய் சோறு திங்கட்டும்."

பெரிய தியாகி போலச் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கொடுத்தேன்.

ரிப்போர்ட் அருமையாக வந்தது. டாக்டராலேயே நம்ப முடியவில்லை. "எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துரலாங்க" என்றார்.

"ரிப்போர்ட்டே நல்லா இருக்குதுங்களே, ஸ்கேன் எதுக்குங்க?" என்றார் அண்ணன். நடிக்கிறார் என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே நம்பிவிட்டார்! தான் வெட்டி ஒட்டியதைத் தானே நம்பிய முட்டாளை அன்றுதான் பார்த்தேன். ஸ்கேனுக்குப் போகவில்லை. அடுத்த மாத ரத்தமும் கொடுக்கவில்லை. கறி எடுத்து வரச் சொல்லிச் சாப்பிட்டார், வண்டியை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனார். அண்ணியும் சாப்பிட்டார்.

சட்டை சாயம் போனால் அதை வாங்கிய வெளிநாட்டு பையர் நாலு வார்த்தை கத்துவான், அதோடு சரி. கட்டி கத்தவில்லை. வளர்ந்தது.

இரண்டு மாதத்தில் வயிறு வீங்கி மறுபடி போனோம். இந்தமுறை ஆஸ்பத்திரியிலேயே ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அப்பவே ஏறியிருந்தா மருந்த மாத்திப் பாத்திருக்கலாம். இது எப்படிங்க திடீர்னு?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

மாற்று மருந்தைத் தாங்க அப்போது அவர் உடம்பில் ஒன்றும் இல்லை. ஆறு வாரத்தில் போய்விட்டார்.

அந்த நல்ல ரிப்போர்ட்டை அண்ணி லேமினேட் செய்து முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். நான் போகும்போதெல்லாம் எடுத்துத் துடைக்கிறார்.

"அந்த ரெண்டு மாசமாச்சும் அவருக்கு நல்லா இருந்துச்சுல்லங்க தம்பி?"

"ஆமாங்க அண்ணி" என்கிறேன்.