தவளை வண்டியின் பிரேக்

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். குப்பனூர் பாதையில் ஏறி வந்த ஒரு ஜீப் டிரைவர் எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே சொன்னார்.

"ஏனுங்க, டாக்டரம்மா வண்டி வளைவுல பாறையில மோதி நிக்குதுங்க. பிரேக் நிக்கலைன்னாங்க. அம்மாவுக்குப் பெருசா ஒண்ணும் ஆகலைங்க. உங்களக் கூட்டியாரச் சொன்னாங்க."

கையில் இருந்த ஸ்பேனரை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு நாளைக்கு முன்னால் அந்த வண்டிக்குப் பிரேக் வேலை பார்த்தவன் நான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குச் சற்றுத் தள்ளி அங்கமுத்து என்பவர் நடத்திய ஒர்க்‌ஷாப்பில் நான் ஹெட் மெக்கானிக். எஸ்டேட் ஜீப், லாரி, டாக்சி என்றுதான் எங்களுக்கு வேலை வரும். ஸ்போர்ட்ஸ் கார் என்று வந்தது ஒன்றே ஒன்று. அது கால்நடை டாக்டர் சரோஜினியுடையது. ஊரை விட்டுப் போன ஒரு எஸ்டேட் துரையிடமிருந்து அவர் வாங்கிய பழைய சீமை வண்டி. இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரை கிடையாது. பச்சை நிறம், தரையோடு தரையாகப் பதுங்கியிருக்கும் உயரம், முன்னால் பிதுங்கிய இரண்டு விளக்கு. மலைக்காரர்கள் அதைத் தவளை வண்டி என்பார்கள். பக்கத்து சீட்டில் மருந்துப் பெட்டியை வைத்துக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கரடியூர், வெள்ளக்கடை என்று கிராமம் கிராமமாக டாக்டர் அதில்தான் மாடு பார்க்கப் போவார். அந்தச் சத்தம் கேட்டாலே மாட்டுக்காரர்கள் ரோட்டுக்கு வந்துவிடுவார்கள்.

வளைவில்

முதலாளியும் நானும் எங்கள் ஜீப்பில் இறங்கினோம். ஏழெட்டு வளைவு தாண்டியதும் கருகிய வாடை வந்தது. வண்டி மலைப்பக்கப் பாறையில் இடது மட்கார்டைக் கொடுத்து நின்றது. ஒரு விளக்கு நொறுங்கிக் கிடந்தது. டாக்டர் வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு மைல்கல் மேல் உட்கார்ந்திருந்தார்.

"பெடல் கல்லு மாதிரி ஆயிருச்சு சிவராஜ். முன்னாடி புகை வந்துச்சு. அப்புறம் எவ்வளவு மிதிச்சும் புடிக்கல. ஹேண்ட் பிரேக்கையும் போட்டுப் பாத்தேன்" என்றார்.

முன் சக்கரங்கள் அசையவில்லை. பிரேக் உள்ளே பிடித்தபடியே இருந்து, டிரம் சூடாகி, லைனிங் எரிந்து பிடிமானம் போயிருக்கிறது. ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்தேன். ஆயில் பீய்ச்சி அடித்ததும் சக்கரம் விட்டுக்கொடுத்தது. அந்த ஆயிலைக் கையில் தேய்த்துப் பார்த்தேன். பிரேக் ஆயில் மாதிரி இல்லை. ஜீப்பில் இருந்த டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் நான்கு சொட்டு விட்டேன். நல்ல பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். இது கலக்கவில்லை. எண்ணெயாக மேலே மிதந்தது.

சீசன் நேரம். நான் பிரேக் வேலை பார்த்த வியாழக்கிழமை வாசலில் நான்கு டாக்சிகள் காத்திருந்தன. காலியான பிரேக் ஆயில் டப்பா ஒன்றில் சில நாளைக்கு முன்னால் நானே இன்ஜின் ஆயிலை ஊற்றி வைத்திருந்தேன். அவசரத்தில் அதையே எடுத்து டாக்டர் வண்டியின் மாஸ்டர் சிலிண்டரில் ஊற்றியிருக்கிறேன். இன்ஜின் ஆயில் பட்டால் பிரேக்கின் ரப்பர் வாஷர்கள் ஊதிப்போகும். ஊதினால் பிடித்த பிரேக் விடாது. இது மெக்கானிக்குக்கு முதல் பாடம்.

முதலாளியும் டம்ளரைப் பார்த்தார். என் காதருகே வந்தார்.

"அதக் கீழ கொட்டிரு சாமி. பழைய வண்டி, ரப்பர் போயிருச்சுன்னு சொல்லிக்கலாம். வெளிய தெரிஞ்சா ஒருத்தன் வண்டி உட மாட்டான். நம்மள நம்பி அஞ்சு குடும்பம் இருக்குது."

அவர் கெட்டவர் இல்லை. என் கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர். அவர் சொன்னதும் பொய்யில்லை. நான் டம்ளரோடு நின்றேன். ரோட்டின் அந்தப் பக்கம் குட்டைச்சுவர்கூடக் கிடையாது. கீழே மரங்களின் உச்சிதான் தெரிந்தது. டாக்டர் ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் திருப்பியிருந்தால், யாரிடம் எதை மறைப்பது என்ற பேச்சே இருந்திருக்காது.

டம்ளரை டாக்டரிடமே கொண்டுபோனேன்.

"அம்மா, வண்டி மேல தப்பில்லீங்க. பிரேக் ஆயிலுக்குப் பதிலா நான் இன்ஜின் ஆயில ஊத்திட்டேனுங்க."

அவர் டம்ளரை வாங்கிப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் எட்டிப் பாத்தயா?"

"பாத்தேனுங்க."

"நல்லாப் பாத்துக்க. பரவால்லைன்னு நான் சொல்லப் போறதில்ல."

பிறகு எழுந்து, முதலாளியிடம் திரும்பினார். "ஏனுங்க, இந்த ஜீப்பக் குடுங்க. குப்பனூர்ல ஒரு மாடு கன்னு போட முடியாமக் கெடக்குது. இவன் ஓட்டட்டும்."

குப்பனூரில்

முதலாளியை வண்டிக்குக் காவலாக விட்டுவிட்டு நாங்கள் இறங்கினோம். தொழுவத்தில் மாடு படுத்தே கிடந்தது. கன்றின் ஒரு முன்னங்கால் மட்டும் வெளியே தெரிந்தது. மாட்டுக்காரர் டாக்டரின் வீங்கிய மணிக்கட்டைப் பார்த்துவிட்டார்.

"கைக்கு என்னாச்சுங்கம்மா? நொம்ப வீங்கியிருக்குதுங்களே."

"சுளுக்குங்க" என்றார் டாக்டர். அவ்வளவுதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இடது கையாலேயே உள்ளே மடங்கியிருந்த மறு காலைத் தேடி எடுத்தார். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்க அவருக்குக் கையில்லை. நான் துண்டால் துடைத்துவிட்டேன். இரண்டு காலிலும் கயிறு கட்டினார்.

"எனக்கு இழுக்கப் பலமில்ல. நீ இழு. மாடு முக்கறப்ப மட்டும் இழு. அது நின்னா நீயும் நில்லு. அவசரப்பட்டயின்னா ரெண்டும் போயிரும்."

மாடு முக்கியது, இழுத்தேன். நின்றது, நின்றேன். எத்தனை முறை என்று நினைவில்லை. ஒரு கட்டத்தில் கன்று வழுக்கிக்கொண்டு என் மடியிலேயே விழுந்தது. மூக்கைத் துடைத்து, வைக்கோலால் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். அது தும்மியது. டாக்டர் அன்று முதல் முறையாகச் சிரித்தார்.

மேலே ஏறும்போது சொன்னார்: "வண்டிய நான் சேலத்துக்கு அனுப்பப் போறதில்ல. நீயே பிரி. பிரிக்கற ஒவ்வொண்ணையும் எனக்குக் காட்டணும்."

ஷெட்டில்

முதலாளி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. வேலையை வேறு ஆள் மூலம் சொல்லி அனுப்புவார். நான் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் கழற்றி, பைப்புகளை ஸ்பிரிட் விட்டு அலசினேன். ரப்பர் வாஷர்கள் தண்ணீரில் ஊறிய உளுந்துபோல் உப்பியிருந்தன. சீமை வாஷருக்கு எங்கே போவது? சேலத்தில் நான்கு கடை ஏறி இறங்கி, நம் டாக்சிகளுக்குப் போடும் வாஷரிலேயே அளவு சரியாக உட்காருவதைக் கண்டுபிடித்தேன். டாக்டர் கட்டுப்போட்ட கையோடு தினமும் சாயங்காலம் வந்து ஸ்டூலில் உட்காருவார். "இது என்ன, இது எதுக்கு" என்று கேட்பார். மாட்டின் வயிற்றைப் பற்றிக் கேட்பதுபோலவே கேட்பார்.

நான்காம் நாள் காலை நான் போனபோது, முதலாளி தரையில் உட்கார்ந்து அந்த மட்கார்டைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் டிங்கராக வாழ்க்கையைத் தொடங்கியவர். சுத்தியலைக் கையில் எடுத்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

தலை நிமிராமல் சொன்னார்: "நீயி சொன்னது சரிதான் கண்ணு. நான் பயந்துட்டேன்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்து தகட்டைப் பிடித்துக்கொண்டேன்.

இறக்கத்தில்

வேலை முடிந்த அன்று, முதலில் நான் தனியாக ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். டாக்டர் கேட்கவில்லை. "நீ பக்கத்துல உக்காரு" என்று சொல்லிவிட்டு அவரே ஸ்டியரிங்கைப் பிடித்தார். குப்பனூர் பாதையிலேயே இறங்கினார். ஒவ்வொரு வளைவிலும் என் கால் தானாகத் தரையை மிதித்தது. மோதிய இடத்தில் வேண்டுமென்றே வேகமாக வந்து பிரேக்கை மிதித்தார். வண்டி நேராக, இழுக்காமல் நின்றது. அவர் மறுபடியும் ஓட்டினார்.

அடிவாரத்தில் நிறுத்தி இறங்கி, சாவியை என்னிடம் நீட்டினார்.

"மேல நீ ஓட்டு. அன்னைக்கு வண்டியக் குடுக்கறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாத்தயா?"

"இல்லீங்கம்மா."

"அதான்."

உண்மையில், அன்று ஓட்டிப் பார்த்திருந்தாலும் கோளாறு தெரிந்திருக்காது. வாஷர் ஊதுவதற்கு ஒரு நாளாவது ஆகும். அதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு மேலே ஓட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு காற்று வாங்கியபடி வந்தார்.

அதன்பிறகு எவ்வளவு கூட்டம் இருந்தாலும், பிரேக் வேலை பார்த்த எந்த வண்டியையும் நானே மலையிறக்கி ஏற்றாமல் டெலிவரி கொடுத்ததில்லை. இப்போது வேலைக்கு வரும் பையன்கள், லெவல் ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றினால் போதாதா என்கிறார்கள். சாதாரணக் கோளாறைக் கண்டுபிடிக்க அது போதும்தான். நான் இறங்குவது அதற்காக மட்டும் இல்லை. இந்த வண்டியில் கொஞ்ச நேரத்தில் நானே மலையிறங்கப் போகிறேன் என்ற நினைப்போடு வேலை பார்க்கும்போது, கை அவசரப்படுவதில்லை.