லேமினேட் செய்த கடிதம்

நாங்கள் எந்தத் தாள் கையில் கிடைத்தாலும் லேமினேட் செய்து பத்திரப்படுத்துகிற குடும்பம். ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், பிள்ளை ஓவியப் போட்டியில் வாங்கிய ஆறுதல் பரிசுத் தாள் என்று எதுவும் தப்பாது. இதையெல்லாம் போட்டு வைக்கும் கோப்பில் ஒரு டாக்டர் கடிதமும் இருந்தது. அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

என் மகள் உணவுக்குழாய் வயிற்றோடு சேராமலே பிறந்தவள். மேலிருந்து வந்த குழாய் பாதி வழியில் முட்டி நின்றது. கீழ்ப்பகுதி மூச்சுக்குழாயில் போய் ஒட்டியிருந்தது. மறுநாளே ஆபரேஷன். நான் அவளை மடியில் போட்டுக்கொள்வதற்கு முன்னாலேயே கத்தி அவளைத் தொட்டுவிட்டது. வலது தோள்பட்டைக்குக் கீழே அந்தத் தழும்பு அவளோடு சேர்ந்து வளர்ந்தது. சாப்பிட உட்கார்ந்தால் வாய்க்கு வாய் தண்ணீர் வேண்டும். சாம்பாரில் நன்றாக ஊறினால்தான் இட்லி இறங்கும். இருமினால் நாய் குரைக்கிற மாதிரி இருக்கும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் நகர்ந்து உட்காருவார்கள். அவர்களை எல்லாம் நான் முறைத்தே என் கண் கெட்டுப்போயிருக்கும்.

எல்.கே.ஜி. படித்தபோது நிமோனியா வந்து அடையாற்றில் ஒரு ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது, அவளுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதத்துக்கு ஓட்டமும் விளையாட்டும் வேண்டாம் என்று ஆங்கிலத்தில் இரண்டே வரி. மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் அன்றைக்கே அதை லேமினேட் செய்தேன்.

பிறகு ஒவ்வொரு ஜூன் மாதமும் அதே கடைக்குப் போய் ஒரு நகல் எடுத்து அவள் பையில் வைத்து அனுப்பினேன். "இன்னாம்மா, இந்த வருசமும் அதே லெட்டரா?" என்பார் கடைக்காரர். பள்ளிக்கூட ஆபீஸில் மேலே ஆஸ்பத்திரிப் பெயரும் கீழே முத்திரையும் இருந்தால் போதும், நடுவில் இருப்பதை யாரும் படிப்பதில்லை. நான் படித்திருந்தேன். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் நாள் முழுக்க மற்றவர்கள் கடிதத்தில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. மூன்று மாதம் என்ற வரி எனக்கு நன்றாகத் தெரியும். இன்னும் ஒரு வருஷம் போகட்டுமே, என்ன குடி முழுகிவிடும் என்று ஒவ்வொரு ஜூனிலும் நினைத்தேன். பயம், வேறொன்றுமில்லை.

விளையாட்டுப் பீரியடில் அவளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார்கள். ஓடப்போகிற பிள்ளைகள் வாட்சையும் கண்ணாடியையும் அவளிடம் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கை முழுக்க வாட்சை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். சிரித்துக்கொண்டே இதைச் சொல்வாள். நானும் சிரித்தேன், பாவி.

அவளுக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது வழக்கமான பரிசோதனைக்குப் போனோம். பழைய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்தில் வந்திருந்த பெண் டாக்டர், அவள் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பை மாட்டி, வராந்தாவில் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே வேகமாகப் போய்வரச் சொன்னார். ஆறு நிமிஷம் நடக்க வேண்டும். பாதியிலேயே என் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முகமெல்லாம் வேர்வை. நெஞ்சுக்கூட்டிலே ஏதோ கோளாறு என்று நான் தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன்.

எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர், "குழாய் நல்லா இருக்கும்மா. நுரையீரல்லயும் இப்ப பயப்பட ஒண்ணுமில்ல. உடம்புக்குப் பழக்கமே இல்ல, அதான் இப்படி மூச்சு வாங்குது. இந்த மாதிரி பிறந்த குழந்தைங்கதான் இன்னும் நல்லா ஓடணும்" என்றார். அவள் பக்கம் திரும்பி, "ஸ்கூல்ல என்ன விளையாடுவ?" என்று கேட்டார்.

"நான் விளையாட மாட்டேன் டாக்டர். எல்லாரோட வாட்சையும் வச்சிருப்பேன்."

"விளையாடக்கூடாதுன்னு யாரு சொன்னா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கோப்பைத் திறந்து கடிதத்தை நீட்டினேன். இத்தனை வருஷத்தில் என்னைத் தவிர அதை மேலிருந்து கீழ்வரை படித்த முதல் ஆள் அவர்தான் என்று நினைத்தேன். படித்துவிட்டு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். எல்லா விளையாட்டும் விளையாடலாம் என்று புதிதாக ஒரு கடிதம் எழுதி, என்னிடம் கொடுக்காமல் அவளிடம் கொடுத்தார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான்தான் பேச்செடுத்தேன். "அதுல மூணு மாசம்னுதான் இருந்துச்சும்மா. நான்தான்..."

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"மூணாவது படிக்கும்போதே படிச்சுட்டேன். நான்தானே ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"ஏன்டி அப்பவே சொல்லல?"

"நீ பயப்படுவியே" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்கு அவளைக் கூட்டிப்போனேன். நடைபாதையில் வயதானவர்கள்கூடக் கைவீசி ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் தன் வாட்சைக் கழற்றி, "பிடிச்சுக்கோ" என்று என்னிடம் தந்தாள். ஓடினாள். ஓடத் தெரியவில்லை அவளுக்கு, கையை எங்கே வைப்பது என்றே தெரியாமல் ஓடினாள். மூன்றாவது விளக்குக் கம்பம் தாண்டவில்லை, அந்த இருமல் வந்துவிட்டது. இடுப்பில் கைவைத்துக் குனிந்து இருமினாள். நிமிர்ந்ததும் தண்ணீர் பாட்டிலைத் தேடவில்லை, திரும்பி என் முகத்தைத்தான் பார்த்தாள். நான் சிரித்துக் காட்டினேன். இன்னும் ஓடு என்று கையை ஆட்டினேன்.

என் சிரிப்பை அவள் நம்பவில்லை. மெதுவாக நடந்து வந்து, "போதும்மா, கால் வலிக்குது" என்று சொல்லி வாட்சை வாங்கிக் கட்டிக்கொண்டாள். உண்மையிலேயே கால்தான் வலிக்கிறதா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.