யொக்தானின் பிள்ளைகளும் இராயப்புவின் மகளும்

பதின்மூன்றாவது சட்டியைத் தேய்க்கும்போது யோபாப் வந்துவிட வேண்டும். அல்மோதாத்தில் தொடங்கி, சட்டிக்கு ஒரு பெயராக யொக்தானின் பிள்ளைகளை முணுமுணுத்துக்கொண்டே தேய்ப்பார் இராயப்பு. நடுவில் யாராவது தட்டுக் கேட்டால் போச்சு. ஒரு முறைப்பு, மறுபடி அல்மோதாத். பிரெஞ்சுத் தலைநகரில், ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்கட்டில் நான்கு வருடமாக இதுதான் நடக்கிறது.

வேதாகமத்தில் யொக்தானுக்குக் கிடைத்தது நாலைந்து வரி. பதின்மூன்று பிள்ளைகள், அவர்கள் குடியிருந்த இடம், முடிந்தது. அண்ணன் பேலேகின் வழியில்தான் ஆபிரகாம் வருகிறார். தம்பியின் பக்கத்தைப் பூசையில் யாரும் வாசிப்பதில்லை. இராயப்புவுக்கு அதில்தான் கோபம். என்னிடம் சொல்வார்:

"அவன் ஒரு அற்புதமும் செய்யேல்லை, தம்பி. பிள்ளையளைப் பெத்தான். அதுகள் மேசாவில இருந்து செப்பார் மலை மட்டும் குடியிருந்துதுகள். இன்னாரின்ரை பிள்ளையள் எண்டு எழுதிக் கிடக்கு. அது காணும்."

மன்னார்க்காரர். வயது ஐம்பத்தாறு. மனைவி இல்லை. ஒரே மகள் ரோசாலி மண்டபம் அகதி முகாமில் இருக்கிறாள். வருகிற பங்குனியில் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. அதற்குப் பிறகு தகப்பனிடம் வரும் பிள்ளை என்று சொல்லி வீசா கேட்க முடியாது.

இந்தச் சிக்கலில் என் கைவரிசையும் உண்டு. நான் புதுச்சேரிக்காரன், இங்கே தபால் இலாகாவில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு மேசையில் நம்மாட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். எண்பத்துநாலில் இராயப்பு வந்து இறங்கியபோது, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அவருடைய தகப்பன் சூசைப்பிள்ளையின் பெயரை எழுதியவன் நான்தான். அவர்கள் வழக்கம் அது: தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். அதே வழக்கப்படி மகள் இராயப்பு ரோசாலி. ஆக, தகப்பனுக்கு ஒரு குடும்பப் பெயர், மகளுக்கு வேறொன்று. என் தாத்தா காலத்திலேயே பிரெஞ்சுக்காரன் எங்களுக்குக் குடும்பப் பெயர் மாட்டிவிட்டான். எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? மடையன், வேறென்ன சொல்ல.

போன மாதம் மொழிபெயர்க்க நானும் அவரோடு வீசா அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அம்மாள் அவருடைய பதிவுத் தாளையும் மகளின் பிறப்புச் சான்றையும் பார்த்தாள். பெயர் ஒத்துவரவில்லை, ஆகவே உறவு நிரூபணமாகவில்லை என்றாள். இராயப்பு சத்தம் போடாமல் என்னிடம் கேட்டார்:

"என்ரை பேரைத்தானே அவள் தன்ரை பேருக்கு முன்னால சுமக்கிறாள். இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணுமாம்?"

மொழிபெயர்த்தேன். அந்த அம்மாள் அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.

கடை முதலாளி இராஜதுரை நல்ல மனுசன். பிறப்புச் சான்றில் ரோசாலியின் தகப்பன் சூசைப்பிள்ளை என்று மாற்றி எழுதித் தர ஆள் இருக்கிறது, எத்தனையோ பேர் அப்படித்தானே பிள்ளைகளைக் கூப்பிட்டெடுத்தார்கள் என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். இராயப்புவின் கையில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்த கம்பிச்சுருள் பறந்துபோய்ச் சுவரில் அடித்தது.

"அப்ப அவள் எனக்குத் தங்கச்சியோ?"

அன்றைக்கு முழுக்கச் சட்டிகள் படாதபாடு பட்டன. ஒரு பெயரையும் காணோம்.

நேற்று மேல்முறையீட்டுக் கடிதத்தை எழுதி முடித்தேன். குடும்பப் பெயர் எங்கள் வழக்கமில்லை, தவறு நிரப்பியவனுடையது என்று இரண்டு பக்கம். அவருடைய தாளின் நகலையும் மகளுடையதையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து, பேனாவை நீட்டினேன். கையெழுத்துப் போட்டார். பிறகு தன் தாளில் இராயப்பு என்றிருந்த இடத்தில் பேனாவை ஊன்றி இழுத்தார். கோடு தாளின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு என் மேசைப் பலகைமேல் ஓடி, மகளின் தாளில் இராயப்பு என்றிருந்த இடத்தில் போய் நின்றது.

"இப்பிடியே அனுப்பும்" என்றார்.

பேனாவை மூடி, என் சட்டைப்பையில் செருகினார்.