பேச்சுக்குச் சோறு

தாய்மொழியைப் பேசுவதற்காகவே ஒருவருக்கு அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் தருகிறார்கள் என்றால், அந்த வேலையில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று முதல் நாளே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

உத்தமபாளையத்துக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகம் நடத்தும் பெண்கள் விடுதி அது. வெளிநாட்டிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் தமிழ் படிக்க வருகிறவர்கள் அங்கே தங்குவார்கள். வாசல் கேட்டுக்குள் தமிழ் தவிர வேறு பேச்சு கூடாது. அவர்களோடு தங்கி, சாப்பிட்டு, விடாமல் பேசிக்கொண்டிருக்க உள்ளூர் மாணவிகள் சிலரை வைத்திருந்தார்கள். மார்க்கையன்கோட்டைக்காரியான நான் ஒருத்தி, ராயப்பன்பட்டி செலின் இன்னொருத்தி. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் ஒரு பகல் முழுக்கப் பேச்சுக்கொடுத்து ஓய்ந்துபோனவர்களுக்கு எங்கள் பாடு புரியும். எங்கள் விருந்தாளி ஊருக்குக் கிளம்பவே மாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் பொறுப்பில் வந்தவள் போலந்துக்காரி மார்த்தா. திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஆய்வு செய்ய வந்திருந்தாள். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது நிபந்தனை. தீபாவளி கழிந்ததும் அவளுடைய பேராசிரியர் நேரில் வருவார். தோட்டத்தில் அவள் பேசுவதைப் பார்த்துவிட்டு, இன்னும் ஓராண்டு இருந்து ஆய்வை முடிப்பதா, மூட்டை கட்டுவதா என்று அவர் முடிவு செய்வார்.

ஈரக் கைகள்

கேட்டுக்குள் வேறு மொழி பேசியவர் அன்றைய பாத்திரத்தைத் தேய்க்க வேண்டும் என்று ஒரு விதி. புதிதாகத் தமிழ் கற்பவர்கள் பாவம், கை புண்ணாகிவிடுமே என்று நானும் செலினும் முதல் நாள் பரிதாபப்பட்டோம்.

மார்த்தா ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவாள். அதில் தமிழைத் தவிர வேறெதுவும் இருக்காது. நாங்களோ காலையில் எழுந்ததுமே ‘சாரி’, ‘சார்ஜர் எங்கடி’, ‘மோட்டரை ஆஃப் பண்ணு’. மார்த்தா கண்ணை மூடித் திறந்து, ‘மன்னிக்கவும், பாத்திரம்’ என்பாள். முதல் மாதம் முழுக்க இட்லித் தட்டின் குழிகளை நாங்கள் இருவரும்தான் மாற்றி மாற்றித் தேய்த்தோம். சமையல்கார பாண்டியம்மாள் அக்கா அடுப்படியில் இருந்தபடி சொன்னார்:

“படிக்க வந்தவக கையி காஞ்சு கெடக்கு. சொல்லிக்குடுக்க வந்தவக கையிதான் எந்நேரமும் ஈரமா இருக்கு.”

சண்டையும் பாடம்தான்

ஒருநாள் காலை குளியலறை முறைக்காக எனக்கும் செலினுக்கும் சண்டை வந்தது. நான் ஊற வைத்த துணியை அவள் தூக்கி வெளியே வைத்துவிட்டாள். நான் ஆரம்பித்தேன், அவள் முடிக்க விடவில்லை. இருவர் குடும்பத்தையும் ஒரு சுற்று இழுத்துவிட்டு மூச்சு வாங்கியபோது, மார்த்தா துண்டும் கையுமாக ஓரத்தில் நிற்பதைப் பார்த்தோம்.

வெட்கமாகப் போய்விட்டது. எப்போதும் அவளிடம் பேசும் குரலில், சொல் சொல்லாக நிறுத்தி, “நாங்கள்... சும்மா... பேசிக்கொண்டிருந்தோம்” என்றேன். அவள் முகத்தில் கோபம்.

“இல்லை. நீங்கள் நிறுத்தாதீர்கள். எனக்கு ஒரு வரியும் புரியவில்லை. இந்தத் தமிழை ஏன் என்னிடம் பேசுவதே இல்லை?”

நடுவில் இரண்டு பேர்

சின்னமனூரில் மார்த்தாவுக்குச் செருப்பு வாங்கப் போனோம். அவள், “எனக்கு வீட்டில் போட்டுக்கொள்ளும்...” என்று தொடங்கினாள். “ரப்பர் செருப்பு” என்று முடித்தாள் செலின். கடைக்காரர் மார்த்தாவிடம் அளவு கேட்டார். அதையே நான் மெதுவாக மார்த்தாவிடம் கேட்டேன். அவள் என்னிடம் சொன்னாள், நான் அவரிடம் சொன்னேன். விடுதியில் மாதக்கணக்காக இப்படித்தான். அவள் வாயைத் திறந்ததுமே என்ன வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். முழுதாகச் சொல்லும்வரை காத்திருப்பது மரியாதைக் குறைவு என்றே நினைத்திருந்தோம்.

கடைக்காரர் செருப்பைக் கீழே வைத்தார்.

“அந்தப் பிள்ளையும் தமிழ்தான் பேசுது, நானும் தமிழ்தான் பேசுறேன். நடுவுல நீங்க ரெண்டு பேரும் எதுக்குத்தா?”

பந்தலுக்கடியில்

அடுத்த வாரம் ராயப்பன்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு முதல்முறையாக மார்த்தாவைக் கூட்டிப்போனோம். பெண்கள் கையை உயர்த்தித் தலைக்கு மேலிருந்த பந்தலில் திராட்சைக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். முத்துலட்சுமி என்ற பெண்மணிதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. மார்த்தா வணக்கம் சொல்லி, தான் யார், எதற்கு வந்திருக்கிறாள் என்று பிசிறில்லாமல் சொன்னாள். பெண்கள் கையை இறக்கிவிட்டுக் கேட்டார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.

மார்த்தா தலையாட்டினாள். என்னைப் பார்த்தாள். இன்னொரு கேள்வி, இன்னொரு தலையாட்டல். கொஞ்ச நேரத்தில் பெண்கள் அவளை விட்டுவிட்டு என்னிடம் பேசத் தொடங்கினார்கள். கிளம்பும்போது முத்துலட்சுமி என்னைத் தனியே கூப்பிட்டார்.

“நல்லாத்தான் பேசுது, ரேடியோப் பெட்டி கெணக்கா. நாம சொல்றது ரேடியோவுக்குக் கேக்கவா செய்யும்?”

வாய்ப்பூட்டு

பேருந்தில் திரும்பினோம். எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் அன்பால், இந்த வட்டாரத்தில் யாருமே பேசாத ஒரு தமிழை விடுதிக்குள் உண்டாக்கி, அதை மட்டும் மார்த்தாவுக்கு ஊட்டியிருந்தோம். எங்கள் இருவரைத் தவிர வேறு யார் பேசினாலும் அவளுக்குப் புரியாது. தீபாவளிக்கு அதிக நாள் இல்லை.

விடுதிக்கு வந்ததும் மார்த்தாவே பேசினாள். “நான் ஊருக்குப் போக மாட்டேன். இனி எனக்கு உதவாதீர்கள்.” அன்றிலிருந்து நாங்கள் நிதானமாகப் பேசுவதை விட்டோம், அவள் வாக்கியத்தை முடித்துவைப்பதையும் விட்டோம். சொல்வதற்கு எளிது. அவள் ‘அந்த... அந்த...’ என்று சட்னிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் என் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலைகளை மறக்க முடியாது. இரண்டு நாள் அவள் வெறும் இட்லியைத் தின்றாள். பாண்டியம்மாள் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“பட்டினி போட்டுத் தமிழ் சொல்லிக்குடுக்குற பள்ளிக்கூடத்த இப்பத்தான் பாக்குறேன்.”

வாளி வாங்கப் போனவள்

ஒரு சனிக்கிழமை, சின்னமனூரில் ஒரு வாளி வாங்கி வரும்படி அவளைத் தனியாகப் பேருந்தில் ஏற்றிவிட்டோம். சனிக்கிழமை அந்தத் தடத்தில் குச்சனூர் சனீஸ்வரர் கோயிலுக்குப் போகிற கூட்டம் நெரியும் என்பதை மறந்துவிட்டோம்.

மதியத்துக்குள் வர வேண்டியவள் பொழுது சாயும்போது வந்தாள். நெற்றியில் திருநீறு, கையில் எள் சோறு. பக்கத்து இருக்கைப் பெண்கள் அவளைப் பேச்சிலேயே குச்சனூர்வரை கூட்டிப்போய், எள் விளக்குப் போட வைத்து, பிறந்த தேதியை விசாரித்து ஜோசியரிடமும் காட்டியிருக்கிறார்கள். வாளி எங்கே என்று கேட்டேன்.

“வாளி வாங்கல. ஆனா எனக்கு ஏழரைச் சனி இல்லையாம், அவுக கேட்டுச் சொன்னாக.”

இன்னொரு கரண்டி

செலின் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசை முடிந்து சித்தப்பா, சித்தி, அத்தை, அவர்கள் பிள்ளைகள் என்று கூடம் நிறைய ஆட்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் மார்த்தாவிடம் பேசினார்கள். கூட்டத்தில் திணறிய மார்த்தா பழையபடி தலையாட்டத் தொடங்கினாள். எந்தக் கேள்விக்குத் தலையாட்டுகிறோம் என்று தெரியாததால், ஒவ்வொரு ஆட்டலுக்கும் இலையில் கறியும் சோறும் விழுந்தன. செலின் என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை.

மலைபோல் குவிந்த சோற்றின் முன் மார்த்தா கையை விரித்தபோது, செலினின் அம்மா குனிந்து அவள் காதருகே சொன்னார்:

“புரியலன்னா புரியலன்னு சொல்லு ஆத்தா. தலைய ஆட்டுனா இன்னொரு கரண்டி விழுகும்.”

வேலிக்கு வெளியே

பேராசிரியர் வந்தார். உயரமான மனிதர், தலையில் வெயிலுக்கு ஒரு தொப்பி, நல்ல புத்தகத் தமிழ். அதே தோட்டம். அவர் வரப்பில் உட்கார்ந்தார். நானும் செலினும் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும் என்றார். பேச்சு கேட்கும் தூரம்தான்.

மார்த்தா இந்த முறை உரை நிகழ்த்தவில்லை. பந்தலுக்கடியில் போய்க் கையை உயர்த்திக் கொடி கட்டத் தொடங்கினாள். முத்துலட்சுமி, “ஏ பிள்ள, இறுக்காத, கொடி செத்துப்போகும்” என்றார். “இவ்வளவு போதுமாக்கா?” “இன்னும் இளக்கு.” கொஞ்ச நேரத்தில் அவள், “எந்தக் கையி மொதல்ல வலிக்கும்?” என்று கேட்டாள். பெண்கள் சிரித்தார்கள். ஒருவர் தோளைக் காட்டினார், இன்னொருவர் சேலை கட்டவே கை தூக்க முடியாத கதையைச் சொன்னார். புரியாத இடத்தில் மார்த்தா, “வெளங்கல, இன்னொருக்கா சொல்லுங்க” என்றாள். மூன்று தடவை கேட்டாலும் அவர்கள் சொன்னார்கள்.

பிறகு முத்துலட்சுமி வேலை செய்தபடியே வேகமாக ஏதோ நீளமாகச் சொன்னார். மகள், தை மாதம், மண்டபம் என்று எங்கள் காதில் விழுந்தது. மார்த்தாவின் கை கொடியிலேயே நின்றது. தலை மட்டும் லேசாக அசைந்தது. போச்சு என்று நினைத்தேன். என் வாய் தானாகத் திறந்தது. செலின் என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள்.

மார்த்தா கையை இறக்கினாள். “வரணும்னு ஆசைதான்க்கா. தையில நான் இங்கன இருப்பனான்னு தெரியல. இவுக முடிவு பண்ணணும்” என்று வரப்பில் இருந்தவரைக் காட்டினாள். முத்துலட்சுமி கொடி கட்டும் நாரை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக அவர் முன்னால் போய் நின்றார். பேராசிரியர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார்.

“எம் மக கல்யாணத்துக்கு இந்தப் பிள்ளையக் கூப்பிட்டாச்சு. நீங்களும் வாங்க. வராட்டி நீங்க மட்டும் ஊருக்குப் போங்க.”

அவர் மட்டும்தான் போனார். அந்த விடுதியில் நான் உருப்படியாகப் பார்த்த வேலை வேலிக்கு வெளியே வாயை மூடிக்கொண்டு நின்றதுதான் என்றாலும், அதற்கும் வழக்கம்போல மூன்று வேளையும் சோறு போட்டார்கள்.