புத்தகத்தில் ஆறு பேர்

சென்ற சனிக்கிழமை ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு தமிழ்க் கடைக்கு அரிசி வாங்கப் போன நான், அரிசியை மறந்து, கொசுவை விரட்டும் நுளம்புத்திரிப் பெட்டி ஒன்றை மூக்கருகே பிடித்தபடி நெடுநேரம் நின்றுவிட்டேன். கொளுத்தாத நுளம்புத்திரிக்கும் ஒரு மணம் உண்டு. மரத்தூளும் காய்ந்த பூவும் பழைய பெட்டகமும் கலந்த மணம். கடைக்கார அண்ணை என்னைச் சற்று ஐயத்தோடு பார்த்தார்.

"உது பழைய ஸ்ரொக், தங்கச்சி. இப்ப ஒருத்தரும் வாங்கிறேல்லை. ஸ்பிரே தரட்டே?"

வேண்டாம் என்று சொல்லி, தேவையே இல்லாத அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன். பிக்கரிங்கில் எங்கள் வீட்டுக்குள் அதைக் கொளுத்தினால் நுளம்புக்கு முன்பாகப் புகை மணிதான் அலறும். ஆனால் அந்த மணம் என் காற்சட்டையிலும் தலைமுடியிலும் ஒரு வாரம் தங்கியிருந்த ஆகஸ்ட் மாதங்கள் இருந்தன. அவற்றைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

அப்பா ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே அவரோடு நின்ற போர்த்துக்கேயர் ஒருவர்தான் காம்பிங் கிளப்பின் படிவத்தைக் கொடுத்து அவரை அங்கத்தவராக்கியவர். கிளப்புக்குப் பல முகாம்கள் இருந்தன. சிலவற்றில் மின்சாரம், சுடுநீர்க் குளியலறை, பிள்ளைகள் சறுக்கி விளையாட ஒரு குளம் எல்லாம் உண்டு. அப்பா தேர்ந்தெடுத்தது ரொறன்ரோவிலிருந்து இரண்டரை மணிநேரத் தொலைவில், பைன் மரங்களுக்கு நடுவே ஒன்றுமே இல்லாத ஓரிடம். கையால் அடிக்கும் குழாய்க்கிணறு ஒன்று, குழி மலசலகூடங்கள் இரண்டு, கூடாரம் அடிக்க எட்டுத் துண்டு நிலம், அதற்கப்பால் ஏரி.

ஏரிதான் காரணம். மற்ற முகாம்களில் கயிறு கட்டிய எல்லைக்குள் இடுப்பளவு நீரில் நிற்கலாம். இங்கே கயிறு இல்லை. தொழிற்சாலையில் நாள் முழுவதும் பத்துச் சொல்லுக்குமேல் பேசாத அப்பா, இந்த ஏரியில் இறங்கினால் தலை ஒரு கறுப்புப் புள்ளியாகும்வரை நீந்திப் போவார். அம்மா கரையில் நின்று திட்டுவார். அவர் திரும்பி வரும்போது அவருடைய முகம் நான் வீட்டில் காணாத ஒரு முகமாக இருக்கும். ஆண்டுக்கு மூன்று நாட்கள் மட்டும் அணியும் முகம் என்று சிறுமியாக எண்ணியிருக்கிறேன்.

நாங்கள் தனியே போவதில்லை. சுகந்தி அன்ரியும் பாலா அங்கிளும் அவர்களுடைய பிள்ளைகளும் வருவார்கள். அவர்களுக்குத் தெரிந்த இன்னும் இரண்டு குடும்பங்கள் வரும். மொத்தம் பத்தொன்பது பேர். முதல் ஆண்டு சுகந்தி அன்ரி ரைஸ் குக்கரைக் கொண்டு வந்திருந்தார். அதை மடியில் வைத்தபடி காரிலிருந்து இறங்கியவர், சுற்றுமுற்றும் பார்த்து, "பிளக் எங்கயப்பா?" என்றார்.

"அந்தப் பைன் மரத்தில ஒரு ஓட்டை கிடக்கு, செருகிப் பாரும்," என்றார் பாலா அங்கிள்.

அந்த மூன்று நாட்களும் ரைஸ் குக்கர் பாத்திரத்தில்தான் நாங்கள் பல்துலக்கத் தண்ணீர் எடுத்தோம்.

இனி அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். உண்மையில் தொடக்கத்திலிருந்தே அதற்கு வராமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன். முகாம் வாசலில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் ஒரு பதிவுப் புத்தகம். காவலர் யாரும் இல்லை. வருபவர்கள் தாமாகவே பெயர், நாள், எத்தனை பேர் என்று எழுதிவிட்டு உள்ளே போகவேண்டும். ஓர் அங்கத்தவருக்கு ஒரு துண்டு நிலம், ஒரு துண்டு நிலத்தில் ஆறு பேர் என்பது விதி. அப்பா மட்டுமே அங்கத்தவர்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா பேனையை என்னிடம் நீட்டினார்.

"என்ர எழுத்து கோழி கிண்டின மாதிரி. நீ எழுது, பிள்ளை. ஆறு பேர் எண்டு போடு."

"நாங்கள் பத்தொன்பது பேரெல்லோ, அப்பா?"

"ஆறெண்டு போடன்."

"எந்த ஆறு பேர்?"

பின்னாலிருந்த காரில் பாலா அங்கிள் சிரித்தார். "உவள் பெரிய இமிகிறேசன் ஒஃபிசர்தான்."

அப்படி எண்ணை மாற்றுவது எனக்குப் புதிதாக இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்களும் சுகந்தி அன்ரி குடும்பமும் இரண்டு அறை அப்பார்ட்மென்ற் ஒன்றில் சேர்ந்து வாழ்ந்த காலத்தில், கட்டட மேற்பார்வையாளர் வரும் நாட்களில் பிள்ளைகளை நிலக்கீழ்ச் சலவை அறைக்கு அனுப்பிவிடுவார்கள். உலர்த்தும் இயந்திரங்களின் வெதுவெதுப்பில், யாருடையதென்று தெரியாத துணிகள் சுழல்வதைப் பார்த்தபடி வீட்டுப்பாடம் எழுதுவோம். மேலே, எத்தனை பேர் என்ற கேள்விக்கு அம்மா "நாலு" என்று சொல்லிக்கொண்டிருப்பார். யாராவது கையில் தாளோடு எத்தனை பேர் என்று கேட்டால், இருப்பதைவிடக் குறைத்துச் சொல்வதே எங்கள் வீடுகளின் பாதுகாப்பு. அந்தப் பழக்கத்தையும் நாங்கள் கூடாரங்களோடு சேர்த்துக் காட்டுக்குக் கட்டிக்கொண்டு போயிருந்தோம். கேட்பதற்கு அங்கே மரங்களைத் தவிர யாரும் இருக்கவில்லை. எட்டுத் துண்டு நிலத்தில் ஏழு பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தன.

இப்படிப் பத்து ஆண்டுகள் அந்தப் புத்தகத்தில் என் திருத்தமான கையெழுத்தில் ஆறு என்று எழுதினேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. ஆட்கள் குறைவாக வரும், வசதிகள் இல்லாத முகாம்கள் சிலவற்றை மூடுவதற்கு யோசிக்கிறோம், அங்கத்தவர்கள் தங்கள் கருத்தை எழுதலாம் என்றிருந்தது. பட்டியலில் எங்கள் முகாம் முதலாவது. நான் வாசித்துத் தமிழில் சொல்லி முடித்ததும் அப்பா சிறிது நேரம் மேசையைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

"பிள்ளை, நல்ல கடிதமா ஒண்டு எழுதித் தா. நாங்கள் உண்மையா எத்தினை பேர் போறனாங்கள் எண்டதையும் எழுது. இனி ஒளிச்சு என்ன?"

எழுதினேன். இலக்கியம் படிப்பவள் அல்லவா? காலைப் பனி ஏரியின் மேல் விலகுவதை ஒரு பந்தியில் எழுதினேன். பைன் ஊசிகளின் மேல் மழை விழும் ஓசைக்கு இன்னொரு பந்தி. அப்பா நீந்துவதற்கு ஒன்று. அது நன்றாகவே வந்திருந்தது. அதன்பின் அப்பா சொன்ன வாக்கியத்தையும் எழுதினேன்: பத்து ஆண்டுகளாக நாங்கள் பத்தொன்பது பேர் வந்தோம், புத்தகத்தில் ஆறு என்று எழுதினோம். அந்த ஒரு வாக்கியத்தால் கடிதத்தின் தொனியே மாறிவிட்டதாக எனக்குத் தோன்றியது. அதுவரை இயற்கையை நேசிக்கும் ஒரு குடும்பமாக இருந்த நாங்கள், அந்த வரியோடு விதியை ஏமாற்றிய கூட்டமாகிவிட்டோம். வாசிக்கப் போகிறவர் ஒரு வெள்ளைக்காரராக இருப்பார் என்று கற்பனை செய்தேன். அவருடைய புருவம் உயர்வதையும் கற்பனை செய்தேன். பிறகு அந்த வாக்கியத்தை அழித்தேன்.

அத்தோடு நிற்கவில்லை. அப்பாவுக்குக் கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்டியபோது, ஆங்கிலத்தில் இல்லாத அந்த வாக்கியத்தை அது இருந்த இடத்திலேயே சேர்த்து வாசித்தேன். என் குரல் தடுமாறவில்லை.

"திறம்," என்றார் அப்பா. "இனி மூடமாட்டாங்கள்."

மூடினார்கள். முடிவை அறிவித்த செய்திமடலிலேயே, ஓர் அங்கத்தவரின் பிரியாவிடை என்று என் கடிதத்தையும் அனுமதி கேட்டு வெளியிட்டார்கள். அப்பா அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். நீண்ட ஆங்கிலத்தை வாசிக்க அவருக்குப் பொறுமை இல்லை; விருந்தாளிகளுக்குக் காட்டினார். நான் தண்ணீர் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன்.

சென்ற ஆண்டு ஜூலையில் ஒரு ஞாயிறு, இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம் என்று அப்பா காரை எடுத்தார். நானும் போனேன். வாசலில் சங்கிலி. அறிவிப்புப் பலகையைக் கழற்றிக்கொண்டு கிளப்பின் தொண்டர் ஒருவர், எழுபது வயதிருக்கும், நின்றார். அப்பா தன் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. செய்திமடலில் வந்த கடிதத்தை வாசித்ததாகவும், தன் மனைவி அதை வாசித்து அழுததாகவும் சொன்னார். நிர்வாகக் குழுவில் தானும் இருந்ததாகவும், ஆட்களின் எண்ணிக்கை மட்டும் போதாமற் போய்விட்டதாகவும் சொன்னார். கோடை முழுவதற்கும் புத்தகத்தில் இருந்தது எங்கள் ஆறு பேரும் இன்னும் சிலரும்தானாம். ஓர் இருபது பேராவது வந்திருந்தால் போராடிப் பார்த்திருப்பாராம்.

அப்பா தன் தொழிற்சாலை ஆங்கிலத்தில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வைத்துச் சொன்னார்: நாங்கள் பத்தொன்பது பேர், என் மகள் கடிதத்தில் எழுதியிருந்தாளே.

அந்த மனிதர் குழப்பத்தோடு தலையசைத்தார். இல்லை, அப்படி ஒன்றும் கடிதத்தில் இல்லை என்றார். நல்லவர், சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் பலகையின் ஆணியைப் பார்த்தார்.

அப்பா என்னைப் பார்த்தார்.

"நான் அதை எழுதேல்லை, அப்பா."

"வாசிச்சுக் காட்டினனி."

"ஓம்."

மரங்களுக்கிடையே ஏரி ஒரு வெள்ளைத் துண்டாகத் தெரிந்தது. ஒருமுறை இறங்கி நீந்திவிட்டு வரலாமா என்று அப்பா அவரிடம் கேட்டார். காப்புறுதி இல்லை, மன்னிக்க வேண்டும் என்றார் அவர். அப்பா அவருக்கு நன்றி சொன்னார். நெடுஞ்சாலைக்கு வரும்வரை அப்பா காரை மெதுவாகவே ஓட்டினார். பிறகு, "வெய்யிலுக்க நிண்டனி. பின்சீற்றில தண்ணி கிடக்கு, குடி," என்றார். அதைவிட அவர் என்னை ஏசியிருக்கலாம்.

அதன்பின் அப்பா நீந்தவில்லை. சமூக நிலையத்துக் குளத்துக்கு ஒருநாள் போய்விட்டு, தண்ணீரில் மருந்து மணக்கிறது என்று திரும்பிவிட்டார். குளிர்சாதனப் பெட்டியிலிருந்த கத்தரிப்பை எப்போது எடுத்தார் என்று தெரியாது.

அந்த இலையுதிர்காலத்தில் ஒரு மாலை, சாப்பாட்டு மேசையில் அப்பா பெரிய எழுத்துகளில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். கிளப்புக்கு. அங்கத்துவத்தைப் புதுப்பிக்கவில்லை என்பது முதல் வரி. பத்து ஆண்டுகள் பத்தொன்பது பேர் வந்தோம், ஆறு என்று எழுதச் சொன்னது நான், அந்தப் பிழை என்னுடையது, என் பிள்ளையுடையது இல்லை என்பது மீதி. என் பெயரை அவர் எழுதவில்லை. ஆங்கிலத்தில் மூன்று பிழைகள் இருந்தன. அவற்றை நின்ற நிலையிலேயே கண்டேன். அவர் தாளை மடித்து, உறையின் விளிம்பை நாவால் நனைத்து ஒட்டி, சட்டைப் பைக்குள் வைத்தார்.

வங்கிக்கு, வேலைக்கு, பாடசாலைக்கு என்று ஒன்பது வயதிலிருந்து எங்கள் வீட்டுக் கடிதங்கள் எல்லாவற்றையும் நான்தான் எழுதிவந்தேன். "பிள்ளை, இதை ஒருக்கா எழுதித் தா," என்று அப்பா கேட்டு இப்போது ஒரு வருடமாகிறது.