கேட் நோட்டில் நான்காவது கட்டம்

பெங்களூர் அடுகோடியில் ஒரு குடும்ப ஆலோசனை மையத்தில் பதினாறு வருடமாக கேட்டில் உட்காருகிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. வருகிறவர்களை நோட்டில் எழுதவைப்பது, தண்ணீர் கொடுப்பது, நாற்காலி போடுவது, போன் எடுப்பது, இவைதான் என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நோட்டில் நான்கு கட்டம்: பெயர், நேரம், போன் நம்பர், ஊர். எனக்குக் கூச்சம் அதிகம். புது ஆட்களிடம் பேச வராது. தமிழ் பேசுகிறவர்கள் வந்தால் மட்டும் "எந்த ஊரு நீங்க?" என்று தானாக வாயில் வரும். பெங்களூரில் இரண்டு தமிழர்கள் சந்தித்தால் அதுதான் முதல் பேச்சு. எதிரில் இருப்பவர் சிரிப்பார். எனக்கும் தைரியம் வந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை ஜெயசீலன் என்ற பெயின்டர் வந்தார். கூட மனைவி ரஜினி, பத்தாவது படிக்கும் மகள் டிலானி. அவர்களை அனுப்பிய டீச்சர் முதல் நாளே போனில் சொல்லியிருந்தார். அம்மா வெளியாட்களிடம் வாயே திறப்பதில்லை. கடை, காஸ், தண்ணீர் கேன், எல்லாவற்றுக்கும் மகள்தான் போய்ப் பேச வேண்டும். அதனால் பாதி நாள் பள்ளிக்கூடம் கிடையாது. இப்படியே போனால் பரீட்சை எழுத மாட்டாள்.

ஜெயசீலன் நோட்டில் எழுதும்போது கேட்டேன். "எந்த ஊரு சார்?"

"மெட்ராஸ்."

"மெட்ராஸ்ல எங்க?"

"பெரம்பூர் பக்கம்."

"அட, என் மச்சான் வீடு பெரம்பூர்தான் சார்! நீங்க எந்தத் தெரு?"

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ரஜினி தரையைப் பார்த்தார்.

"சொல்லுங்கப்பா, எந்தத் தெரு?" என்றாள் டிலானி, குத்தலாக.

அவளை முறைத்துவிட்டு உள்ளே போனார். அரை மணி நேரத்தில் மூவரும் வெளியே வந்தார்கள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த மூன்று வாரமும் அவர்கள் வரவில்லை. மூன்று தடவை வராவிட்டால் ஃபைலை மூடுவது எங்கள் வழக்கம். ஆலோசகர் சவிதா மேடம் கன்னடக்காரர். மீட்டிங்கில் நான் டீ வைக்கும்போது சொன்னார்: "அந்த அப்பாவுக்கு இன்ட்ரஸ்ட் இல்ல. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு எழுதிட்டு ஃபைல் க்ளோஸ் மாடோணா, மூடிடலாம்."

"மேடம்..." என்றேன். டீத் தட்டை மேஜையில் வைத்தேன்.

"ஹேளி, சொல்லுங்க முருகேசன்."

"நான் ஊரு கேட்டேன் மேடம். துருவித் துருவிக் கேட்டேன். அவரு அதுல பயந்துட்டாரு."

மேடம் திட்டவில்லை. நோட்டைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டினார். "இந்த ஊரு கட்டம் யாருக்கு வேணும்?"

பதினாறு வருடம் எழுதவைத்திருக்கிறேன். ஒருவரும் படித்ததில்லை. "யாருக்கும் வேணாம் மேடம்."

"அடிச்சிடுங்க. போன் நீங்களே பண்ணுங்க. அவரு பயந்தது உங்களைப் பார்த்து, என்னைப் பார்த்து இல்ல."

இரண்டு தடவை நம்பரைத் தப்பாக அழுத்தினேன்.

"சார், கேட்ல உக்காந்திருக்கேனே, அவன் பேசறேன். அன்னைக்குத் தேவையில்லாததைக் கேட்டுட்டேன். தப்புதான். இப்ப நோட்டுல ஊரே கிடையாது. வாங்க சார்."

அவர் பேச்சே மாறிவிட்டது.

"நாங்க சிலோன் அகதி அண்ணே. மன்னார். பிள்ளை கேம்ப்பில பிறந்தது. இங்க ஏழு வீடு கேட்டம், அகதி எண்டதும் இல்லையெண்டாங்கள். மெட்ராஸ் எண்டு சொல்லித்தான் இந்த வீடு கிடைச்சது. மனுசி கதைச்சா பிடிபட்டிடும். வெளியில வாயைத் திறக்காதே எண்டு நான்தான் சொன்னனான். இப்ப வீட்டுக்குள்ளயும் கதைக்கிறாளில்லை."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார். நீங்களே மேடம்கிட்ட சொல்லுங்க. அவங்க போலீஸ் இல்ல."

என்ன சொன்னார் என்று மேடம் கேட்டார். "வருவாரு மேடம்" என்று மட்டும் சொன்னேன்.

வந்தார்கள். கதவுக்கு உள்ளே நடப்பது எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் ஆஸ்பத்திரிப் பேச்சு நின்றுவிட்டது. சில வாரம் கழித்து ஜெயசீலனும் மேடமும் சேர்ந்தே கேட்டுக்கு வந்தார்கள். உண்மையைச் சொல்லிக் குடியிருக்க ஒரு வீடு வேண்டும், நீங்கள் குடியிருக்கும் ஸ்ரீராம்புரத்தில் கிடைக்குமா என்று கேட்டார்கள்.

கூச்சத்தை மென்று விழுங்கிக்கொண்டு மூன்று வீடு ஏறினேன். இரண்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டு அம்மா, "சிலோனா இருந்தா என்னப்பா, தண்ணி மோட்டாரைப் போட்டுட்டு மறக்கற ஆளா இருக்கக் கூடாது. போன குடித்தனம் அப்படித்தான்" என்றார்.

அவர்கள் அங்கே குடி போன பிறகு நான் அந்தச் சந்துப் பக்கம் போகவில்லை. போய் என்ன பேசுவது?

மையத்துக்கு அவர்கள் கடைசியாக வந்த நாளில் டிலானி இல்லை. பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ். ரஜினி தன் பெயரைத் தானே எழுதினார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் தரும்போது கேட்டார்:

"அண்ணா, உங்கட சொந்த ஊர் எது?"

அவர் குரலை அன்றுதான் கேட்டேன்.

"தாத்தா ஊரு திருவண்ணாமலை பக்கம்மா. நான் பொறந்தது இங்கதான்" என்று யோசிக்காமல் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. இப்படி யோசிக்காமல் சொல்ல முடிவதே ஒரு பெரிய வசதி. அந்த வசதியில் உட்கார்ந்துகொண்டுதான் இத்தனை வருடம் எல்லோரையும் கேட்டிருக்கிறேன்.

கேட்டில் உட்காருகிறவர்கள் முதலில் தண்ணீர் கொடுங்கள். ஊரை அவர்களாகச் சொல்லட்டும்.