கண்டம் போட்ட கட்டில்

சபாபதிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் போனால் காற்று வரும் என்று கையால் சாடை காட்டினான். வார்டில் எடுபிடி வேலை பார்த்த அய்யாவு யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. நோயாளியைப் படுத்த வாக்கிலேயே விட்டு, இரும்புக் கட்டிலைத் தூக்கித் தூக்கி நகர்த்தி ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சேர்த்தார். நடுவில் இருந்த சாக்கடைப் பள்ளத்தில் கட்டிலின் ஒரு கால் இறங்கி வளைந்துபோனது. அதற்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துச் சமன் செய்துவிட்டு, ஒன்றும் நடக்காதவர்போல எச்சில் கிண்ணங்களைக் கழுவப் போய்விட்டார். கஞ்சி கொண்டுவந்த சபாபதியின் தங்கை இராஜம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கட்டிலில், அந்த ஜன்னலோரத்திலேயே, சபாபதி அம்மன் திருவடி சேர்ந்தான்.

இது மலாயாவில், கிள்ளானில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷக் கடைசியில் பெரிய வெள்ளம் வந்ததே, அதற்குக் கொஞ்ச காலம் முன்பு.

அய்யாவுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. கேரி தீவில் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர், காய்ச்சலில் இந்த சர்க்கார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்து எழுந்தவர் திரும்பிப் போகாமல் அங்கேயே வேலைக்கு நின்றுகொண்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போவார். தீபாராதனைத் தட்டு வரும்போது முதல் வரிசையில் நிற்பார். பொய் பேசி யாரும் கேட்டதில்லை.

வெள்ளம் வடிந்தபின் ஆஸ்பத்திரிக்குச் சீமையிலிருந்து கம்பிச்சுருள் வைத்த புதுக் கட்டில்கள் வந்து இறங்கின. பழையவை பின்கட்டுக்குப் போயின. சர்க்காரில் ஒரு சாமான் இனி ஆகாது என்று துரை எழுதிவிட்டால் அதற்குப் பெயர் கண்டம். வெள்ளைப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவார்கள். அப்புறம் அது யாருடையதும் இல்லை. எனாமல் கிண்ணங்களைக் கோழிக்குத் தண்ணீர் வைக்கக் கொண்டுபோனார்கள். கொசுவலைக் கழிகள் மலாய்க் கிராமமான கம்பத்தில் ஒருவர் வீட்டில் அவரைப் பந்தலாயின. மருந்து போத்தல்களை எண்ணெய்க் கடை சலாவுதீன் அள்ளிக்கொண்டார். கட்டில்களை மட்டும் தொட ஆளில்லை. செத்தவன் படுத்த கட்டில் என்றால் பழைய இரும்பு வாங்கும் சீனன்கூட ஒதுங்கிப் போனான். ஆற்றங்கரை மண் சரியாமல் இருக்க அவற்றைச் சேற்றில் இறக்கி மேலே கல் போடச் சொல்லி உத்தரவு.

அந்தச் சமயத்தில் இராஜம்மாவுக்கு ஏழாம் மாதம். புருஷன் கன்னையா ரயில் தண்டவாளத்தில் சம்மட்டி பிடிக்கிறவன். கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், அவர்கள் வீட்டு மண்தரை வெள்ளத்துக்குப் பிறகு காயவே இல்லை. பாயைத் தூக்கினால் கீழே ஈரம் பளபளக்கும். முன்பு பிறந்த இரண்டு பிள்ளைகளும் அதே தரையில் மார்ச்சளி கண்டு போய்விட்டன. மூன்றாவதையாவது தரையில் போடக்கூடாது என்பது ஒன்றுதான் அவள் நினைப்பு. பலகைக் கட்டில் வாங்க வழியில்லை. ஆஸ்பத்திரிப் பின்கட்டுக்கு அவள் போனபோது கட்டில்களெல்லாம் ஆற்றுக்குப் போய், ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. ஒரு கால் வளைந்த கட்டில்.

அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அய்யாவுக்கும் தெரிந்தது.

"தாயி, இது வந்து..." என்று ஆரம்பித்தார்.

"என் அண்ணன் என்னை என்ன செஞ்சிடப் போறான்? கொண்டாந்து போடுங்கண்ணே. வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க," என்றாள் இராஜம்மா.

சாயந்திரம் அய்யாவும் கன்னையாவும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் கன்னையாவின் அக்கா புஷ்பவல்லி. தாலியறுத்து வந்தபிறகு தம்பி வீட்டில் அவள் சொல்தான் சொல்.

"ரெண்டு புள்ளையத் தூக்கிக் குடுத்தது பத்தாதா? செத்தவன் கட்டில்லயா மூணாவதப் போடப் போறீங்க?"

"இதுல யாரும் சாகல தங்கச்சி," என்றார் அய்யாவு. "படுத்தவங்கல்லாம் எழுந்து நடந்து போயிட்டாங்க."

"அப்போ ஆஸ்பத்திரியில செத்தவங்கல்லாம் நின்னுக்கிட்டே செத்தாங்களாண்ணே?"

லயமே சிரித்தது. கன்னையாவும் சிரித்துவிட்டு, அக்கா முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்க, ஊருக்கே தெரியும். அப்ப முனியாண்டி முன்னால கற்பூரம் அணைச்சுச் சொல்லுங்க. நானே என் கையால கட்டிலைத் தூக்கி உள்ள போடுறேன்," என்றாள் புஷ்பவல்லி.

ரயில் பாதை ஓரத்தில் மரத்தடி முனீஸ்வரர். வெற்றிலையில் கற்பூரம் வைத்து ஏற்றினார்கள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒரு சொல் சொன்னால், அது பொய்யானால் சாமி சும்மா விடாது. அங்கே நின்ற எல்லாரும் அதை நம்பினார்கள். எல்லாரையும்விட அய்யாவு நம்பினார். அவர் ஒருமுறை இராஜம்மாவைத் திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கையை இழுத்துக்கொண்டிருப்பார். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

கை இறங்கியது.

"இந்தக் கட்டில்ல யாரும் சாகல."

புஷ்பவல்லி சொன்ன சொல் தவறவில்லை. தானே ஒரு பக்கம் பிடித்துக் கட்டிலை உள்ளே போட்டாள். பெண் குழந்தை பிறந்தது. இருமல் வந்தது, போனது. தவழ்ந்தது, நடந்தது. அடியில் கட்டை வைத்தும் வளைந்த காலால் கட்டில் ஆடும். சம்மட்டியால் ஒரு போடு போட்டு நிமிர்த்திவிடுகிறேன் என்று கன்னையா வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அய்யாவுக்குச் சாமி வெளியில் தெரிகிறாற்போல ஒன்றும் செய்துவிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கோயிலில் தீபாராதனைத் தட்டு வந்தால் கைகளைக் கட்டிக்கொண்டு தூண் பக்கம் ஒதுங்கிவிடுவார். திருநீறு வாங்குவார், தீபத்தைத் தொடமாட்டார். "வயசான மனுஷனுக்குத் திமிரப் பாரு," என்பாள் புஷ்பவல்லி. தட்டு வரும்போது இராஜம்மா தீபத்தை இரண்டு முறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். இரண்டாவது யாருக்கு என்று அம்மனுக்குத் தெரியும்.

முப்பத்தொன்றில் ரப்பர் விலை விழுந்தது. சர்க்கார் செலவைக் குறைத்தது, ஆட்களைக் குறைத்தது. அய்யாவுக்கும் ஊருக்குக் கப்பல் சீட்டு கொடுத்துவிட்டார்கள். கப்பல் துறைக்குப் போகும் ரயிலைப் பிடிக்கக் கிள்ளான் ஸ்டேஷனில் நின்றவரைப் பார்க்க இராஜம்மா குடும்பமே வந்தது.

"எனக்கும் கண்டம் போட்டுட்டாங்க தங்கச்சி," என்றார் புஷ்பவல்லியிடம்.

"பெருக்கல் குறி எங்கண்ணே?"

"முதுகுல. நீதான் பாத்துச் சொல்லணும்."

புஷ்பவல்லி சிரித்துக்கொண்டே தகர டப்பாவில் முறுக்கைக் கொடுத்தாள். பெண் குழந்தை அவர் துண்டைப் பிடித்து இழுத்து விளையாடியது. வண்டி வந்ததும் அய்யாவு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். கன்னையா பெட்டியை உள்ளே ஏற்றப் போன நேரம் பார்த்து இராஜம்மா ஜன்னல் கம்பியருகே வந்தாள்.

"அண்ணே, அன்னிக்கு அந்தக் கற்பூரம்... என்னாலதானே உங்களுக்கு..."

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். குழந்தையைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"அந்த வளைஞ்ச கால நிமித்த விடாத தாயி, ஒடிஞ்சு போகும். அடியில கட்டைய வச்சே ஓட்டு."